ஒன்றரை லிட்டர்

நான் வேலை பார்த்த ரெடிமேட் கடையில் மாடிப்படிக்கு அடியில் ஒரு மூலை இருந்தது. ஆள் நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும். அங்கே ஒரு தையல் மெஷின், ஒரு முக்காலி, எப்போதும் கண் சிமிட்டிக்கொண்டிருக்கும் ஒரு டியூப் லைட். அதுதான் ஆல்டரேஷன் பிரிவு. பேன்ட்டின் நீளத்தைக் குறைப்பது, இடுப்பைப் பிடிப்பது, பிடித்ததை மறுபடி பிரித்துவிடுவது, ஜிப் மாற்றுவது என்று நாள் முழுக்க அங்கே உட்கார்ந்திருந்தவளைக் கடையில் எல்லோரும் ஆல்ட்டர் அக்கா என்றே கூப்பிட்டோம். முதலாளியும் அப்படித்தான். அவரைவிட அவள் இளையவள் என்பது அவருக்கே மறந்துபோயிருந்தது.

நாற்பத்தேழு வயது. கழுத்தில் இஞ்ச் டேப், உதட்டில் இரண்டு குண்டூசி. குண்டூசியை எடுக்காமலே பேசுவாள், சிரிப்பாள். வயிற்றை எக்கிக்கொண்டு "முப்பத்திரெண்டுதான்" என்று நிற்கிற ஆட்களிடம், "டேப்புக்குப் பொய் சொல்லத் தெரியாது சார், மூச்சை விடுங்க" என்பாள். விட்டவுடன் முப்பத்தாறு வரும். யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

நான் சட்டைப் பிரிவு. அதனால் எனக்குச் சட்டை என்றே பேர் வைத்திருந்தாள். "இருக்கிறது சட்டைப் பிரிவு, ஆனா யாரையும் சட்டை பண்ண மாட்டா" என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் அறிமுகப்படுத்துவாள். பதினோரு வருஷம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். அவள் வீட்டில் நடந்தது எனக்குத் தெரிந்தது எல்லாம் அந்தச் சாப்பாட்டு வேளைகளில்தான். ஆஸ்பத்திரியிலும் கடைசியிலும் நடந்ததை மட்டும் நானே பார்த்தேன்.

வீட்டில் அவளும் தம்பியும் மட்டும். அவளைவிட ஒன்பது வயது சின்னவன். எலெக்ட்ரிக்கல் டிப்ளமோ கடைசிப் பரீட்சையில், எழுதிக்கொண்டிருந்தவன் எழுந்து நின்று, அங்கே இல்லாத யாருக்கோ பதில் சொல்ல ஆரம்பித்தான். அன்றிலிருந்து பதினேழு வருஷமாக மாத்திரை. அப்பா முன்பே போய்விட்டார். அம்மா ஒரு நாள் மத்தியானம் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. தம்பியைப் பார்த்துக்கொள் என்று யாரும் யாரிடமும் கையைப் பிடித்துச் சொல்லவில்லை. மிச்சமிருந்தது அவள் ஒருத்தி, அவ்வளவுதான். பெண் பார்க்க வந்தவர்கள் உள் அறையில் யார் என்று கேட்டார்கள். கேட்டவர்கள் திரும்பி வரவில்லை.

ஆனால் அவன் பாரமாக இருந்தான் என்று அவள் சொல்லி நான் கேட்டதில்லை. செய்தித்தாளை டெண்டர் அறிவிப்பு வரை ஒரு வரி விடாமல் படித்து, மடிப்பு மாறாமல் அடுக்கி வைப்பான். காய் நறுக்கினால் அளவெடுத்தது மாதிரி இருக்கும். மறுநாளைக்கு வேண்டிய பாபின்களில் எல்லாம் நூல் சுற்றிக் கலர் வாரியாக டப்பாவில் போட்டுத் தருவான். அவள் வீடு திரும்பியதும் அவன் கேட்கிற முதல் கேள்வி, "இன்னைக்கு எத்தனை வயிறு பெருத்துச்சுக்கா?" எத்தனை இடுப்பு பிரித்தாள் என்று அர்த்தம். அவள் கணக்கு சொல்லுவாள். இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

தலைக்குள் கேட்கிற குரல்களுக்கு அவன் கமிட்டி என்று பேர் வைத்திருந்தான். மாத்திரை சாப்பிட்டாலும் கமிட்டி முழுசாகக் கலைவதில்லை. தள்ளிப்போய் உட்கார்ந்து முணுமுணுக்கும். "இன்னைக்குக் கமிட்டி கூடிடுச்சுக்கா" என்றால் அன்று அவனைத் தனியாக விட்டுவிட வேண்டும்.

தண்ணீர் எப்போது ஆரம்பித்தது என்று அவளால் சரியாகச் சொல்ல முடியவில்லை. முதலில் கையில் ஒரு பாட்டில் இருந்தது. அவளுக்குச் சந்தோஷம்தான். தண்ணீர் நிறையக் குடி என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்? பிறகு இரண்டு பாட்டில். பிறகு பாட்டிலை விட்டுச் சொம்பு. ஒரு நாள் சமையலறையில் நின்றுகொண்டு சொம்பு சொம்பாகக் குடிக்கிறவனைப் பார்த்து, "என்னடா, குழாயையே முழுங்கிடுவ போலிருக்கு" என்றாள். அவன் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னான்:

"தண்ணி உள்ள போச்சுன்னா கமிட்டி கலைஞ்சிடுதுக்கா. கொஞ்ச நேரத்துக்கு ஒரு சத்தமும் இல்ல. காது சும்மா இருக்கு."

பதினேழு வருஷத்தில் எந்த மாத்திரையும் செய்யாததைத் தண்ணீர் செய்கிறது என்றால் யார்தான் தடுப்பார்கள்? அவள் இன்னொரு குடம் வாங்கி வைத்தாள்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு காலையில் பஸ் நிறுத்தத்தில் அவன் தள்ளாடினான். பேச்சு குழறியது. வாந்தி எடுத்தான். வாந்தியில் வெறும் தண்ணீர். நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "காலங்காத்தாலயே ஏத்திட்டு வந்துட்டான் பாரு" என்றார்கள். பக்கத்து மருந்துக் கடைக்காரர் அவனை அடையாளம் கண்டு எங்கள் கடைக்குப் போன் பண்ணினார். அக்கா உதட்டுக் குண்டூசியோடு ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். அவசரப் பிரிவில் இருந்த சின்ன டாக்டர், வரிசையில் முப்பது பேர் நிற்க, சீட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "சோடியம் நூத்திப் பத்தொம்பதுதான் இருக்கு. நூத்தி முப்பத்தஞ்சுக்கு மேல இருக்கணும். உப்பு குறைஞ்சிருக்கும்மா. தண்ணி ரொம்பக் குடிக்க விடாதீங்க." இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பிவிட்டார்கள்.

அவர் சொன்ன இரண்டில் அவள் மனதில் தங்கியது உப்பு. எங்களிடம் வந்து அதைத்தான் சொன்னாள். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடியே நான் சொன்னேன்:

"உப்பு குறைஞ்சா உப்பு குடுக்க வேண்டியதுதானேக்கா? தண்ணியில கரைச்சுக் குடுங்க. அவருக்கும் தண்ணி குடிச்ச மாதிரி ஆச்சு, உப்பும் ஏறின மாதிரி ஆச்சு."

எவ்வளவு சுலபமாகச் சொன்னேன். இன்றைக்கும் அந்தக் குரல் எனக்குக் கேட்கிறது, கெட்டிக்காரியாகப் பேசுகிற ஒருத்தியின் குரல்.

அக்கா கரைத்தாள். ஒரு குடத்துக்கு ஒரு கைப்பிடி. தம்பி சந்தோஷமாகக் குடித்தான். யாரும் தடுக்கவில்லை, கண்ணை உருட்டவில்லை, டம்ளர் டம்ளராக அக்காவே நீட்டுகிறாள். உப்பு உள்ளே போனதால் தாகம் இன்னும் கூடியது. தாகம் கூடியதால் வெறும் தண்ணீரும் கூடியது. ஒரு மாதம் அப்படிப் போனது. அவன் முகம் உப்பலாகத் தெரிந்தபோது அவள் எங்களிடம், "தேறிட்டான், கன்னம் வந்திருக்கு" என்றாள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, குளியலறையில் எதுவோ விழுந்த சத்தம் கேட்டுப் போனால், தரையில் கிடந்து கை கால் வெட்டி இழுத்துக்கொண்டிருக்கிறான். பல் நாக்கைக் கடித்து வாயோரம் ரத்தம். சோடியம் நூற்றியெட்டு.

இந்த முறை வார்டில் ஒரு டாக்டரம்மா இருந்தார். நானும் கூடப் போயிருந்தேன். அக்கா அவரிடம் சண்டைக்கே போனாள்.

"நூத்தியெட்டுங்கிறீங்க, குறைஞ்சிருக்குங்கிறீங்க, அப்புறம் ஏன் சொட்டுச் சொட்டா ஏத்துறீங்க? மடமடன்னு ஏத்துங்களேன். உப்புதானே, அதுக்கென்ன பஞ்சமா?"

டாக்டரம்மா கோபப்படவில்லை. "வீட்ல என்ன குடுத்தீங்க?" என்று கேட்டார். அக்கா சொன்னாள். டாக்டரம்மா நர்ஸ் மேஜையிலிருந்து ஒரு டம்ளரை எடுத்தார்.

"இந்த டம்ளர் தண்ணியில ஒரு சிட்டிகை உப்பு போடுறீங்க. கரிக்குமா?"

"கரிக்கும்."

"அதே சிட்டிகையை ஒரு வாளித் தண்ணியில போட்டா?"

"உப்பே தெரியாது."

"உப்பு எங்கேயும் போகலை. அதே சிட்டிகைதான். தண்ணிதான் கூடிப்போச்சு. உங்க தம்பிக்கு உடம்புல உப்பு இல்லாம இல்லம்மா. சிறுநீரகம் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் வெளிய தள்ளும்னு ஒரு அளவு இருக்கு. அதுக்கு மேல குடிச்சா, தண்ணி ரத்தத்துலயே தங்கி அதை நீர்க்க வெச்சிடும். நீங்க ஒரு கைப்பிடி போட்டீங்க, அதோட ஒரு குடம் ஊத்தினீங்க."

அக்காவின் முகத்தை நான் பார்க்கவில்லை. என் முகத்தை அவள் பார்த்துவிடக் கூடாதே என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"ரத்தம் நீர்த்துப்போனா அந்தத் தண்ணி உடம்புல இருக்கிற ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் போகும். கை வீங்கலாம், கால் வீங்கலாம், பரவாயில்ல, இடம் இருக்கு. மூளை வீங்கினா எங்க போகும்? சுத்தி எலும்பு. அதான் தலைவலி, வாந்தி, குழறல், வலிப்பு."

அக்கா மெதுவாகக் கேட்டாள்: "உள்ள தையலுக்குத் துணி விடலை. பிரிச்சு விட வழியில்ல. அப்படித்தானே?"

டாக்டரம்மாவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு, "ஆமா, அப்படித்தான்" என்றார். வேகமாக ஏற்றக் கூடாததற்கும் காரணம் சொன்னார். பல நாளாக நீர்த்த ரத்தத்துக்கு மூளை பழகிப்போயிருக்கும். திடீரென்று உப்பை ஏற்றினால் வேறு மாதிரிக் கெடும். பேச்சு போகும், விழுங்க முடியாமல் போகும், அது பெரும்பாலும் திரும்பி வராது. அதனால்தான் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் ரத்தம் எடுத்துப் பார்த்துப் பார்த்து ஏற்றுகிறார்கள்.

வெளியே வந்ததும் நான் அழுதேன். "நான்தானேக்கா சொன்னேன்" என்றேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீ சொன்னே. நான் கரைச்சேன். விடு" என்றாள். அந்த "விடு" மன்னிப்பா, இல்லை பேசாதே என்பதா, எனக்கு இன்றுவரை தெரியாது.

பத்து நாள் கழித்து அவனை வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர், எல்லாம் சேர்த்து. காலையில் எழுந்ததும் எடை, சாயங்காலம் எடை. இடையில் மூன்று கிலோ கூடியிருந்தால் அது சாப்பாடு இல்லை, தண்ணீர். அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிட வேண்டும்.

அக்கா ஒரு எடை மெஷின் வாங்கினாள். கால் லிட்டர் பாட்டில் ஆறு வாங்கி வரிசையாக வைத்தாள். முகம் கழுவும் தொட்டியின் குழாய்க் கைப்பிடியைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். சமையலறைக்குப் பூட்டு. கழிவறைத் தொட்டிக்கு வருகிற தண்ணீரை அடைத்துவிட்டு, ஒரு வாளியில் சோப்புத்தூளைக் கரைத்து வைத்தாள், குடிக்காமல் இருக்கட்டும் என்று.

ஆறு பாட்டிலும் பத்து மணிக்குள் தீர்ந்துவிடும். பிறகு அவன் வேட்டையைத் தொடங்குவான். துவைத்துக் காயப்போட்ட ஈரத் துணியைப் பிழிந்து குடித்தான். பூச்சாடியின் தண்ணீரைக் குடித்தான். ஃபிரிட்ஜின் பின்னால் சொட்டுத் தண்ணீர் தேங்குகிற ஒரு தட்டு இருக்கிறது என்பதே அக்காவுக்கு அவன் சொல்லித்தான் தெரியும். மழை வந்தால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து நின்றான். டிப்ளமோ படித்த மூளை, சும்மா இல்லை. எல்லாம் அதற்கே செலவானது.

எடையிலும் ஏமாற்றினான். காலையில் எடை கூடுதலாக இருந்தால் சாயங்காலம் வித்தியாசம் குறைவாகத்தானே தெரியும்? அப்பாவின் பழைய மளிகைக் கடையில் இருந்த ஒரு கிலோ எடைக்கல் இரண்டை டிரங்குப் பெட்டியிலிருந்து தேடி எடுத்து, காலையில் இடுப்பில் செருகிக்கொண்டு மெஷினில் ஏறினான். நான்கு நாள் அப்படி ஏறினான். ஐந்தாம் நாள், பேன்ட் தொங்குகிற விதம் சரியில்லையே என்று அவள் கண் சொன்னது. துணி பார்க்கிற கண். சட்டையைத் தூக்கிப் பார்த்தாள்.

அன்று மர ஸ்கேலை எடுத்து அவனை அடித்தாள். முப்பத்தெட்டு வயது ஆண்பிள்ளை, கையால் முகத்தை மறைத்துக்கொண்டு, "ஒரு வாய்க்கா, ஒரே ஒரு வாய். கத்துறாங்கக்கா, உனக்குக் கேக்கலையா, இவ்ளோ கத்துறாங்களே" என்று அழுதானாம். இதை எனக்குச் சொன்னபோது அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை.

"தண்ணி குடுத்தா மூளை வீங்கிச் சாவான். குடுக்கலைன்னா கமிட்டி அவனை உயிரோட தின்னுது. நான் எதை எடுக்க, சட்டை?"

நானும் என் டப்பாவை மூடி வைத்தேன். ஒரு முறை பதில் சொன்னவள்தானே நான்.

அவளுடைய வேலையும் கெட்டது. ஒரே பேன்ட்டில் ஒரு காலை ஒரு இஞ்ச் அதிகமாக வெட்டிவிட்டாள். முப்பது வருஷத்தில் நடக்காதது. முதலாளி வந்தவருக்கு வேறு பேன்ட் கொடுத்து அனுப்பினார். அவள்தான் அந்தப் பேன்ட்டை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

எதிர் வீட்டில் ஒரு அம்மா இருந்தார். தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தனியாள். நல்ல மனசு. அந்தத் தெருவில் தம்பியை முறைத்துப் பார்க்காமல் பேர் சொல்லிக் கூப்பிடுகிற ஒரே ஆள். அக்கா அவரிடம் போய், "அவன் தண்ணி கேட்டா குடுக்காதீங்கம்மா, டாக்டர் சொல்லியிருக்காங்க" என்றாள்.

"தண்ணி கூடவா குடுக்கக் கூடாது? எந்த ஊர் டாக்டர்மா அது?"

"அது அவனுக்கு விஷம் மாதிரிம்மா."

"விஷமா! என்னம்மா பேசுற" என்று அவர் சிரித்துவிட்டார். அக்கா டம்ளரையும் வாளியையும் வைத்து விளக்கப் பார்த்தாள். அந்த அம்மா தலையாட்டினார். ஆனால் மறுநாள் காய்க்காரரிடம், "கூடப் பொறந்தவனுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்க மாட்டேங்குறா, குழாயைக் கழட்டிப் பையில போட்டுக்கிட்டுப் போறா" என்று அவர் சொன்னது அக்காவின் காதுக்கே வந்தது. தெருவில் பேச்சு மாறியது. பைத்தியம் பிடித்தது தம்பிக்கா, அக்காவுக்கா என்று கேட்டார்கள்.

நல்லது நடக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. டாக்டரம்மா மாத்திரையை மாற்றினார். வாரா வாரம் ரத்தம் பார்க்க வேண்டிய மாத்திரை. எல்லோருக்கும் கொடுப்பதில்லை என்றார். இரண்டு மாதம் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் மாதம் ஒரு சாயங்காலம் அவன் சொன்னான்: "கமிட்டி கூட ஆள் பத்தலக்கா, கோரம் இல்ல. ரெண்டு பேர்தான் வந்திருக்காங்க." அந்த வாரம் காலை எடைக்கும் சாயங்கால எடைக்கும் ஒரு கிலோகூட வித்தியாசம் இல்லை. அடுத்த வாரமும் அப்படியே. பாட்டில் ஆறில் ஒன்று மிஞ்சியிருந்தது. அக்கா கைப்பையிலிருந்து குழாய்க் கைப்பிடியை எடுத்துத் திரும்ப மாட்டினாள். கடைக்கு இனிப்பு வாங்கி வந்தாள். குண்டூசியை உதட்டில் வைத்துக்கொண்டு எங்களைக் கிண்டல் பண்ணினாள். அந்தப் பதினெட்டு நாளை நான் எண்ணி வைத்திருக்கிறேன்.

பத்தொன்பதாம் நாள் ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்கள் சரசரவென்று இறங்கியிருந்தன. அந்த மாத்திரையால் எங்கோ ஒருவருக்கு வருகிற கெடுதல் அவனுக்கு வந்துவிட்டது. தொடர்ந்து கொடுத்தால் சாதாரணக் காய்ச்சலே ஆளைக் கொண்டுபோய்விடும். அன்றே நிறுத்த வேண்டும், திரும்பக் கொடுக்கவே கூடாது என்றார் டாக்டரம்மா. சொல்லும்போது அவர் அக்காவைப் பார்க்கவில்லை, தாளைப் பார்த்தார்.

"வேற என்ன இருக்கு டாக்டர்?"

"பழைய மாத்திரைக்கே போகலாம். அப்புறம்... தண்ணியை அளந்து குடுங்க."

கமிட்டி முழு பலத்தோடு திரும்பி வந்தது. அக்கா குழாயைக் கழற்றினாள்.

ஆஸ்பத்திரியில் சேர்த்து வைத்துக்கொள்ளச் சொல்லிப் பார்த்தாள். வார்டிலும் குழாய் இருக்கிறது, ஆளுக்கு ஓர் ஆள் காவல் போட முடியாது என்றார்கள். வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்தால் இரண்டு பேரும் எதைச் சாப்பிடுவது? வெளிக் கதவைப் பூட்டிவிட்டுப் போகலாம்தான். உள்ளே தீப்பிடித்தால்? வலிப்பு வந்து கிடந்தால்? அவள் பூட்டவில்லை. "வெளிய போக மாட்டேன்க்கா, சத்தியமா" என்று அவன் கையில் அடித்துக் கொடுத்திருந்தான்.

அது பள்ளிக்கூடம் திறக்கிற சமயம். சீருடைகள் மலைபோல் வந்து குவிந்திருந்தன. எல்லாப் பிள்ளைகளும் ஒரே வருஷத்தில் வளர்ந்து தொலைத்திருந்தார்கள். அன்று மத்தியானம் ஒரு மணிக்கு, வழக்கம்போல அவள் தம்பிக்குப் போன் பண்ணினாள். நான் பக்கத்தில் இருந்தேன். போனில் அவன் சிரிப்பது எனக்கே கேட்டது.

"அக்கா, இன்னைக்குக் கமிட்டி லீவு. ஒருத்தரும் இல்ல. காலியா இருக்கு. எவ்ளோ நல்லா இருக்கு தெரியுமா?"

அவன் அவ்வளவு சந்தோஷமாகப் பேசி அவள் கேட்டுப் பல மாதம் ஆகியிருந்தது. அவள் முகம் வெளுத்துப்போனது. குண்டூசிகள் உதட்டிலிருந்து விழுந்தன. "எவ்ளோடா குடிச்சே?" என்றாள். அவன் எதையோ சொல்ல வந்து வார்த்தை குழறியது. அவள் செருப்புகூடப் போடவில்லை. நானும் ஓடினேன். ஆட்டோவில் முழு வழியும் அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "பேசுடா, பேசிட்டே இரு" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பாதி வழியில் அந்தப் பக்கம் சத்தம் நின்றது.

அவன் எதிர் வீட்டு அம்மாவின் வாசலில் கிடந்தான். அந்த அம்மா அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல், வாயில் தண்ணீர் ஊற்றப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அந்தச் சொம்பைத் தட்டிவிட்டாள். அது படியில் உருண்டு தெருவுக்குப் போனது. அவனுக்கு நினைவில்லை. குறட்டை மாதிரி மூச்சு. உடம்பு ஒரு தரம் விறைத்து, பிறகு வெட்டத் தொடங்கியது.

ஆஸ்பத்திரியில் சோடியம் நூற்றி மூன்று. டாக்டரம்மா மருந்தோடு பக்கத்திலேயே நின்றார். வலிப்பை நிறுத்தினார்கள், தொண்டைக்குள் குழாயைப் போட்டு மெஷினில் மாட்டினார்கள், அவசரத்துக்குக் கெட்டி உப்புநீரைக் கொஞ்சம் ஏற்றினார்கள். எண் ஏறியது. நூற்றியெட்டு, நூற்றிப் பன்னிரண்டு, நூற்றிப் பதினெட்டு. ஒவ்வொரு எண்ணையும் அக்கா தன் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டாள். எண் ஏறுகிறதே, கண் ஏன் திறக்கவில்லை என்று நான்கு நாளும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ரத்தம் சரியாகிட்டு வருதும்மா. மூளை முன்னாடியே வீங்கி நசுங்கிடுச்சு. அது திரும்பலை" என்றார் டாக்டரம்மா.

நாலாம் நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு அவன் போனான். கடைசி ரிப்போர்ட்டில் சோடியம் நூற்றி முப்பது.

அவன் போன மூன்றாம் நாள் எதிர் வீட்டு அம்மா துக்கம் விசாரிக்க வந்தார். நானும் இருந்தேன். அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அந்த அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார்.

"அன்னைக்கு எத்தனை தடவை வந்தான் தெரியுமாம்மா? காலையிலேர்ந்து ஏழெட்டுத் தடவை. வந்து வாசல்ல நிப்பான், 'அம்மா, தண்ணி'ம்பான். பெத்த புள்ள கேக்குற மாதிரி இருக்கும். சொம்பு சொம்பா மொண்டு குடுத்தேன். என்ன சந்தோஷம் அந்த மூஞ்சில! ஒண்ணு மட்டும் நிம்மதிம்மா. தவிச்ச வாயோட போகலை. என் கையால வயிறு நெறையக் குடிச்சிட்டுத்தான் போனான். நல்லதுதானே பண்ணேன்?"

நான் அக்காவைப் பார்த்தேன். இப்போது சொல்லப்போகிறாள், கத்தப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் அந்த அம்மாவின் முகத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாம்மா" என்றாள்.

அவர் போன பிறகு, "ஏன்க்கா சொல்லலை?" என்று கேட்டேன்.

"சொல்லணும்னா டம்ளர், வாளின்னு முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். தெம்பில்ல, சட்டை."

பெருந்தன்மை என்று நினைத்துவிட வேண்டாம். அவளும் அப்படி நினைத்துக்கொள்ளவில்லை. பிறகு ஒரு நாள் அவளே சொன்னாள், அந்த அம்மா சிரிப்பதைத் தெருவில் பார்த்தால் கழுத்தை நெரிக்க வேண்டும் போல வருகிறது என்று. மறுநிமிஷம், அவர் கொடுத்தது ஒரு நாள், நான் கொடுத்தது ஒரு மாதம் என்றும் சொன்னாள்.

ஒன்பதாம் நாள் வேலைக்கு வந்தாள். சீருடைகளை முடித்துக் கொடுத்தாள். தையல் நேராகத்தான் இருந்தது. ஆனால் பேச்சு நின்றுபோனது. வயிற்றை எக்கிக்கொண்டு நிற்கிறவர்களிடம் ஒன்றும் சொல்வதில்லை; அவர்கள் சொல்கிற அளவையே எழுதிக்கொண்டாள். பேன்ட் இறுக்குகிறது என்று அவர்கள் திரும்பி வந்தால் பேசாமல் பிரித்துக் கொடுத்தாள். சாப்பாட்டு வேளையில் என் எதிரே உட்காருவாள், டப்பாவைத் திறந்ததும் மூடுவாள், எழுந்து போவாள். ஐந்து மாதம் கழித்து ஒரு விடுதியில் தையல் வேலை கிடைத்திருக்கிறது, தங்க இடமும் தருகிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். எந்த ஊர் என்று கேட்டேன். தூரம் என்றாள். இரண்டு மாதம் போனில் பேசினாள். பிறகு அந்த எண் வேலை செய்யவில்லை.

போன வருஷம் அந்தத் தெரு வழியாகப் போக வேண்டியிருந்தது. எதிர் வீட்டு அம்மா வாசலில் நின்றிருந்தார். என்னை அடையாளம் கண்டு கூப்பிட்டார்.

"அந்தப் பொண்ணு எங்கம்மா இருக்கா? போகும்போது என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. எதிர்ல வந்தாலும் முகத்தைத் திருப்பிக்குவா. அந்தப் பையனுக்கு இந்தத் தெருவுல ஆசையா ஒரு வாய் தண்ணி குடுத்தவ நான் ஒருத்திதான். நான் என்னம்மா தப்பு பண்ணேன்?"

வயதாகியிருந்தது அவருக்கு. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று சொல்லிவிட்டு நடந்தேன்.